மேலே யாரோ நடக்கிறார்கள்: மலையகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு ராத்திரி வழிகாட்டி

ஒவ்வொரு ஆண்டும் பள்ளிக்கூடம் தொடங்குகிற காலத்தில் எங்கள் மாடி அறைக்குப் புதிதாக ஒரு டீச்சர் குடிவருவார். மட்டக்களப்பில் இருந்தோ, யாழ்ப்பாணத்தில் இருந்தோ, முதல் நியமனமாக இருக்கும். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, குளிருக்கு இரண்டு போர்வை கேட்டு வாங்கிக்கொண்டு படியேறிப் போவார். மறுநாள் காலையில் கண் சிவந்து இறங்கி வருவார். "அக்கா, ராத்திரி கூரைக்கு மேல ஆரோ நடந்தவங்க. உங்களுக்குக் கேக்கல்லையா?"

கேட்டது. நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நடந்தது ஆள் இல்லை, கூரை.

நான் தலவாக்கலைப் பக்கத்து லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஒன்றில் பிறந்தவள். என் வீட்டுக்காரர் கூரை வேலை செய்யும் பாஸ். அதனால் தகரம், மரம், ஆணி பற்றிய பேச்சு எங்கள் சாப்பாட்டு மேசையில் தினமும் உண்டு. வந்த டீச்சர்மாருக்கெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதிவைக்கிறேன். மாற்றலாகி வந்த வங்கிக்காரர், தாதிமார், லயத்துக்கு மருமகளாக வந்தவர்கள், பழைய பங்களாவில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்தவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் காற்றாடி விஷயம்

உங்கள் ஊரில் நீங்கள் எப்படித் தூங்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தலைக்கு மேல் காற்றாடி ஓடியிருக்கும். பிறந்ததில் இருந்து அந்த 'விர்'ரென்ற சத்தத்துக்குள்ளேதான் தூங்கியிருப்பீர்கள். கடற்கரை ஊர் என்றால் அதோடு அலைச் சத்தமும். அங்கேயும் எலி ஓடியது, பைப் முட்டியது, பக்கத்து வீட்டுக்காரர் இருமினார். காற்றாடி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

இங்கே காற்றாடி போட முடியாது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் அங்கே புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். ஹட்டன், தலவாக்கலை அவ்வளவு உயரமில்லை, ஆனாலும் ராத்திரியில் காற்றாடி சுவிட்சைத் தொட மனம் வராது. ஆக, வாழ்க்கையில் முதல் தடவையாக நீங்கள் அமைதியில் படுக்கிறீர்கள். வீட்டில் சத்தம் கூடவில்லை, உங்கள் காதுக்கு வேலை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு நான் சொல்லும் வைத்தியத்தைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். மேசைக் காற்றாடி ஒன்றை வாங்கி, சுவரைப் பார்க்க வைத்து, ஆகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். காற்று உங்கள் மேல் படாது, சத்தம் மட்டும் கிடைக்கும். முதல் இரண்டு வாரத்துக்கு இது போதும். ஆனால் கடும் மழை பெய்கிற ராத்திரிகளில் மட்டும் போடாதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மணியைப் பாருங்கள், எழுந்து ஓடாதீர்கள்

சத்தம் கேட்டதும் டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போவது இங்கே நல்ல பழக்கமில்லை. படிகள் ஈரமாக இருக்கும், வழுக்கி விழுந்தால் காலைக்குத்தான் ஆள் வரும். படுத்தபடியே மணியைப் பாருங்கள். தலைமாட்டில் ஒரு கொப்பி வைத்து நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன மணி, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், வெளியே வானம் எப்படி (மழையா, காற்றா, நட்சத்திரம் தெரிகிறதா). என்ன சத்தம் என்பதை எழுதவே வேண்டாம். பயத்தோடு கேட்ட காது 'அழுகை' என்று எழுதும், 'மூச்சு' என்று எழுதும். அது உங்களையே பிறகு குழப்பும்.

மூன்று ராத்திரி எழுதினால் போதும். காலையில் பக்கத்து வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கும்போது கொப்பியைக் காட்டுங்கள். "ஏழரைக்கா? அது தகரம். மூன்று மணிக்கா? அது ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை)" என்று மணியை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

பொழுது பட்டதில் இருந்து பத்து மணி வரை: கூரை

மலையகத்தில் பெரும்பாலான வீடுகளுக்குத் தகரக் கூரை அல்லது அஸ்பெஸ்டஸ் சீட். தகரம்தான் நடிகர், சீட் கொஞ்சம் அடக்கம். பகல் வெயிலில் தகரம் கை வைக்க முடியாத சூடு ஏறும். பொழுது சாய்ந்ததும் விறுவிறுவென்று ஆறும். பத்தடித் தகரம் ஒன்று 35 பாகை ஆறினால் நீளத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே சுருங்கும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். தகரத்தை ஆணி இறுக்கிப் பிடித்திருக்கிறது, சுருக்கம் இழுக்கிறது. கொஞ்ச நேரம் இரண்டும் மல்லுக்கட்டும். ஏதோ ஒரு நொடியில் பிடி விட்டு 'டக்' என்று வழுக்கும். அந்த 'டக்' கீழே படுத்திருப்பவர் காதில் குதிகால் வைத்த மாதிரி விழும்.

நடக்கிற மாதிரி ஏன் இருக்கிறது? எல்லாத் தகரமும் ஒரே நேரத்தில் ஆறுவதில்லை. காற்றுப்படும் பக்கம் முதலில், அடுப்படிக்கு மேலே கடைசியில். ஒரு 'டக்', கொஞ்சம் தள்ளி இன்னொரு 'டக்', பிறகு இன்னும் தள்ளி. அவற்றைச் சேர்த்து ஒரு ஆளாக்கி நடக்கவிடுவது நம் மூளை.

மேகம் இல்லாத ராத்திரியில்தான் இது மோசம். வானம் வெளித்திருந்தால் கூரைச் சூடு நேராக வானத்துக்குப் போய்விடும், தகரம் வெளிக் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அதனால் கொப்பியில் 'நட்சத்திரம் தெரிந்தது' என்று எழுதிய நாளில் சத்தம் கூடியும் 'மேகம்' என்று எழுதிய நாளில் குறைந்தும் இருந்தால், ஆளைப் பிடித்துவிட்டீர்கள். காலையில் வெயில் பட்டதும் அதே சத்தம் திரும்ப வரும், அப்போது தகரம் விரிகிறது. காலையில் யாரும் பயப்படுவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

என்ன செய்யலாம்? பழைய கூரையில் ஆணிக்குப் பதிலாக இறப்பர் வளையம் வைத்த திருகாணி போடலாம். ஓட்டையைத் திருகாணியைவிடக் கொஞ்சம் பெரிதாக விட்டால் தகரம் அசைய இடம் இருக்கும், சத்தம் பாதியாகக் குறையும். அளவுக்கு மேல் இறுக்கினால் சத்தம் கூடும். என் வீட்டுக்காரர் எத்தனை வீட்டில் சொன்னாலும், "நல்லா இறுக்குங்க பாஸ், காத்துல பறந்துரும்" என்றுதான் பதில் வரும். அந்தப் பயமும் நியாயமானதுதான்.

லயக் கூரைகளில் காற்றுக்காகக் கல், பழைய டயர், மண் மூட்டை ஏற்றி வைத்திருப்பார்கள். 'கட... கட...' என்று ஒரே இடத்தில் ஆடுவது சரியாக உட்காராத கல். பகலில் ஏறத் தெரிந்தவரை விட்டு நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏற வேண்டாம். துருப்பிடித்த தகரத்தில் மரச்சட்டம் இல்லாத இடத்தில் கால் வைத்தால் நேரே காம்பராவுக்குள் (அறைக்குள்) வந்து விழுவீர்கள். அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் இன்னும் ஆபத்து, சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

பலகைத் தரை, பலகைச் சீலிங் உள்ள பழைய பங்களா என்றால் மரமும் பேசும். மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், கதவு இறுகும். வெயில் காலத்தில் காய்ந்து சுருங்கும்போது 'சட்' என்று வெடிக்கும். பகல் முழுக்க நடந்து அமுக்கிய பலகை, ராத்திரியில் மெல்ல நிமிர்ந்து பழைய இடத்துக்கு வரும்போதும் முனகும். இதற்குச் செய்ய ஒன்றுமில்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

லயத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை

பழைய லயங்கள் பலவற்றில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் இருக்கும், ஆனால் அந்தச் சுவர் கூரை வரை போகாது. மேலே ஒரே வெளி. மூன்று காம்பரா தள்ளி ஒரு தாத்தா இருமினால், சத்தம் கூரைக்குள் ஓடி வந்து உங்கள் தலையணைக்கு மேலே விழும். யாரோ சீலிங்கில் கிசுகிசுப்பதாக ஒரு புதுப்பெண் பயந்து அழுதது எனக்குத் தெரியும். நான்காவது காம்பராவில் புருசனும் பெண்சாதியும் சீட்டுக் காசு பற்றிச் சண்டை பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் பேச்சும் அதே வழியில் போகும் என்பதை மறக்காதீர்கள்.

காற்று

மே மாதத்தில் இருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தை அடிக்கும். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது மழையைக் கொட்டிவிட்டு வெறும் காற்றாகப் போகும். அப்புத்தளையில் இருப்பவர்களைக் கேட்டால் அந்த மாதங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். பதுளை, பசறைப் பக்கத்துக்கு மழை பெரும்பாலும் ஆண்டுக் கடைசியில் வடகீழ்க் காற்றோடு வரும். உங்கள் வீடு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து உங்கள் சத்தக் காலமும் மாறும்.

காற்றுச் சத்தத்தில் ஆளைப் பயமுறுத்துவது 'ஊ' என்ற நீண்ட ஒலி. எங்கள் வீட்டிலேயே ஒரு கதை உண்டு. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், ஆனி ஆடி முழுக்க ராத்திரியில் ஒரு பொம்பளை வாயை மூடிக்கொண்டு பாடுவது மாதிரிக் கேட்டது. சில நாள் மெல்ல, சில நாள் உச்சத்தில். மாமியார் வேப்பிலை கட்டினார். கடைசியில் பார்த்தால் வாசல் கேட்டுக்கு நட்டிருந்த இரும்புக் குழாய், மேல்வாய் திறந்தபடி நின்றது. புல்லாங்குழலில் ஊதுகிற மாதிரிக் காற்று அதன் வாயை உரசிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு பிடி களிமண் வைத்து அடைத்தோம், பாட்டு நின்றது. கூரை பாஸின் வீட்டில் இதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது என்பதை அவர் இன்றைக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

ஆகவே 'ஊ' கேட்டால் பகலில் வீட்டைச் சுற்றிப் போய் வாய் திறந்த குழாய்களைத் தேடுங்கள். கொடிக்கம்பி கட்டிய குழாய், அந்தெனாக் குழாய், கழிவறை மூச்சுக் குழாய் (இதை அடைக்கக் கூடாது, மேலே வளைவு போடலாம்), பழைய பங்களாவின் புகைபோக்கி. 'பட பட' என்றால் முகட்டுத் தகரத்தின் ஓரம் தூக்கியிருக்கிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள், ஓரம் தூக்கிய தகரத்தைத்தான் அடுத்த காற்று கொண்டுபோகும்.

தண்ணீர்

ராத்திரி பதினொன்றுக்கு மேல் சுவருக்குள் 'டொக் டொக்', அல்லது குளியலறையில் ஒரு நடுக்கச் சத்தம். மலையில் தண்ணீர் பெரும்பாலும் மேலே ஒரு ஊற்றில் இருந்து குழாய் வழியாக இறங்கி வருகிறது. பத்து மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கூடும். ஊற்று உங்கள் வீட்டைவிட ஐம்பது மீட்டர் மேலே என்றால் ஐந்து பார். பகலில் எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கும், அழுத்தம் பங்கு போகும். ராத்திரி எல்லோரும் மூடியதும் முழு அழுத்தமும் மூடிய குழாய்களில் வந்து நிற்கும். தண்ணீர்த் தாங்கி நிறையும் நேரத்தில் மிதவை வால்வு மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் துடிக்கும். அதுதான் அந்த நடுக்கம்.

சோதிப்பது சுலபம். படுக்கும் முன் மெயின் வால்வை மூடுங்கள். சத்தம் இல்லையென்றால் தண்ணீர்தான். மிதவை வால்வின் வாசர் தேய்ந்திருக்கும், மாற்றுங்கள். சுவரில் முட்டும் குழாய்க்குப் பிடி அடியுங்கள், அல்லது சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை இடையில் செருகுங்கள். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போதும் 'ஸ்ஸ்' என்று ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு. சரிவில் கட்டிய வீட்டில் நிலத்துக்குள் தண்ணீர் கசிவது பில் பிரச்சினை மட்டும் இல்லை, அத்திவாரப் பிரச்சினையும்கூட.

சீலிங்கில் குடியிருப்பவர்கள்

எலியின் ஓட்டம் மெல்லியது, வேகமானது, சுவரோரமாகவே போகும். விளக்கை அணைத்த அரை மணி நேரத்தில் தொடங்கும். 'கரக் கரக்' என்று ஒரே இடத்தில் கடித்தால் கம்பியைக் கடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மின்சார வயரின் பிளாஸ்டிக்கை எலி கடித்து வைத்தால் தீப்பிடிக்கக்கூட வழி உண்டு.

'தொம்' என்று விழுந்து, பிறகு பூனை அளவு கனத்தோடு நடந்தால் மரநாய். கூரை ஓரத்து மரக்கிளை வழியாக வரும். காலையில் கூரையிலோ மதிலிலோ பழ விதை நிறைந்த எச்சம் கிடக்கும். சில சமயம் ரம்பை இலை மாதிரி ஒரு வாசமும் இருக்கும். சத்தம் பகலில் மட்டும் என்றால் அணில், அதற்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

மரநாயை அனுப்புவதற்கு ஒழுங்கு ஒன்று இருக்கிறது. முதலில், நுழைகிற இடத்தில் கோதுமை மாவைத் தூவி அடித்தடம் பாருங்கள். பிறகு கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். அப்புறம் நான்கைந்து நாள் ராத்திரியும் பகலும் சீலிங்குக்குள் ஒரு பல்பை எரியவிட்டு, பகலில் ரேடியோவும் போட்டு வையுங்கள். பகல் தூக்கம் கெட்டால் தானாகவே வேறு இடம் பார்க்கும். குட்டிச் சத்தம் கேட்டால் பொறுங்கள். தாய் வெளியே இருக்கும்போது ஓட்டையை அடைத்துவிட்டால் குட்டிகள் உள்ளே செத்துப்போகும், தாய் கூரையைப் பிரிக்கும். எல்லாம் போனது நிச்சயம் என்றபின்தான் கம்பி வலை அடிக்க வேண்டும். விஷம் மட்டும் வைக்காதீர்கள். செத்த மரநாயைச் சீலிங்கில் தேடி எடுப்பது எப்படி என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஓடாமல் நடக்காமல், சுவருக்குள் இருந்து மெல்லிய இரைச்சல் மட்டும் வந்தால் கை வைக்காதீர்கள், தட்டியும் பார்க்காதீர்கள். தேனீயாகவோ குளவியாகவோ இருக்கலாம். குளவி கொட்டினால் என்ன ஆகும் என்பது கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு நன்றாகத் தெரியும், அவர்களிடம் கேளுங்கள். பழகிய ஆளைக் கூப்பிட்டு எடுப்பதுதான் வழி. மரச்சட்டத்தில் ஒரே சீராக 'டிக் டிக்' கேட்டு, கீழே மாவு மாதிரித் தூள் கொட்டியிருந்தால் வண்டோ கரையானோ. அதற்கு அவசரம் இல்லை, ஆனால் மழைக்கு முன் மரத்தை மாற்றுங்கள்.

மூன்று மணிச் சத்தம்

தேயிலைத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் 'ஸ்டோர்' என்று பெயர். பகலில் எடுத்த கொழுந்தை ராத்திரி முழுக்கப் பெரிய காற்றாடிகளை ஓடவிட்டு வாட்டுவார்கள். பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் பதினெட்டு மணி நேரமும் எடுக்கும். அந்த ஹும் என்ற இரைச்சல்தான் பள்ளத்தாக்கு முழுக்க நிறைந்திருப்பது. பிறகு குளிர்ந்த நேரமாகப் பார்த்து, அநேகமாக நள்ளிரவு தாண்டி, கொழுந்தை அரைக்கும் உருளைகளை ஓடவிடுவார்கள். படுக்கை மெல்ல அதிர்கிற மாதிரி இருந்தால் அதுதான். சில ஸ்டோர்களில் சங்கும் ஊதும்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்டோர் தலைமாட்டில் கேட்பதற்குக் காரணம் குளிர். காற்றில்லாத தெளிந்த ராத்திரியில் தரையோரக் காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று கொஞ்சம் சூடாகவும் இருக்கும். மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து திரும்பக் கீழேயே இறங்கும். அதனால்தான் ராத்திரி ரயில் ஊதுவது மூன்று மலைக்கு அந்தப் பக்கம் இருந்தும் முற்றத்தில் ஊதுகிற மாதிரி வருகிறது.

மாசி மாதத்தில் நள்ளிரவில் தப்பு மேளச் சத்தம் நாள் கணக்கில் கேட்டால் காமன் கூத்து (மன்மதன் கதையை ஆடும் கூத்து) நடக்கிறது. போய்ப் பாருங்கள், தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை. மாசி இல்லாத மாதத்தில் தப்பு கேட்டால் பெரும்பாலும் ஒரு சாவு வீடு. காலையில் விசாரித்துக்கொண்டு போவது மரியாதை.

பக்கத்து வீட்டுப் பாட்டி "அது முனி வேட்டைக்குப் போகுது" என்று சொல்லலாம். ஸ்டோர் இயந்திரத்துக்கே ரோதைமுனி என்று ஒரு காவல் தெய்வத்தை வைத்துக் கும்பிட்டவர்கள் எங்கள் ஆட்கள். கவ்வாத்து வெட்டுக்கும் ஒரு சாமி உண்டு. தகரம் சுருங்கும் கணக்கைப் பாட்டியிடம் சொல்லி வாதாட வேண்டாம். காட்டையும் இயந்திரத்தையும் நம்பிப் பிழைத்தவர்கள் பயத்துக்கு வைத்த பெயர் அது. விபூதி கொடுத்தால் பூசிக்கொள்ளுங்கள்.

காட்டுப் பக்கம்

பக்கத்தில் காடு இருந்தால் பட்டியல் நீளும், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஒற்றையாக, உரத்து, கார் ஹோர்ன் மாதிரிக் கத்துவது மரை (பெரிய மான்). எதையோ பார்த்து மிரண்டிருக்கிறது. மழை விட்டதும் புதருக்குள் 'டிக் டிக்' என்று நூறு கடிகாரம் ஓடினால் சின்ன மரத்தவளைகள். ஒரு பெண்ணின் கழுத்தை நெரிக்கும்போது அவள் அலறுகிற மாதிரிக் கேட்டால் அதை உலமா என்பார்கள், கேட்டால் சாவு வரும் என்றும் சொல்வார்கள். பறவை ஆய்வாளர்கள் பலர் அது காட்டில் வாழும் ஒரு பெரிய ஆந்தை என்கிறார்கள். நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். ஆந்தை என்று தெரிந்தும் அன்றைக்கு விளக்கை அணைக்கவில்லை.

வாளால் மரம் அறுக்கிற மாதிரி, 'கர்ர்-கர்ர்' என்று போய் வருகிற சத்தம், அதோடு நாய்கள் எல்லாம் சட்டென்று அடங்கிவிட்டால் சிறுத்தை. தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாடுவது புதிதல்ல. வீட்டுக்குள் வரத் துடிப்பதும் இல்லை, அதற்கு வேண்டியது உங்கள் நாய். நாயை உள்ளே எடுங்கள். வெளிக் கழிவறைக்குத் தனியாகப் போக வேண்டாம். குழந்தைகளைக் காலை வெளிச்சம் வரும் வரை இஸ்தோப்பில்கூட (திண்ணையில்கூட) விடாதீர்கள். கல்லெறிவது, பந்தம் கொளுத்தித் துரத்துவது வேண்டாம்.

உங்கள் தலைக்குள் கேட்பது

கண் அசரும் நேரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது, அல்லது காதருகே வெடி வெடித்தது, எழுந்து பார்த்தால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இப்படி வெடி கேட்பதற்கு 'வெடிக்கும் தலை நோய்க்குறி' என்று பெயர். பெயர்தான் பயங்கரம், வலி இல்லை, ஆபத்து இல்லை. சைலஸ் வெயர் மிட்செல் என்ற அமெரிக்க மருத்துவர் இதை 1876இலேயே எழுதியிருக்கிறார். புது இடம், தூக்கக் குறைவு, மனக்கவலை எல்லாம் இதைக் கூட்டும். விழித்த பின்னும் கை கால் அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருப்பதும் இதன் உறவுக்காரன்தான், நம் ஆட்கள் அமுக்குவான் என்பார்கள். மல்லாக்கப் படுப்பவர்களுக்கு அதிகம் வரும். ஒருக்களித்துப் படுங்கள், சாயங்காலத்துக்குப் பிறகு சாயத் தண்ணீரைக் (பால் விடாத தேநீரைக்) குறையுங்கள். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எழுந்தே ஆக வேண்டிய சத்தங்கள்

இதுவரை சொன்ன எதற்கும் படுக்கையை விட்டு எழ வேண்டியதில்லை. இனிச் சொல்வதற்கு எழ வேண்டும்.

அடுப்படியில் 'ஸ்ஸ்' என்று கேட்டு, காஸ் வாடையும் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், அணைக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவைத் திறங்கள், எல்லோரும் வெளியே போங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், அதனால் ஜன்னலைவிடக் கதவு முக்கியம். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்த காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

சுவிட்ச் பலகையில் 'சிர்ர்' என்ற பொரியும் சத்தமோ கருகிய வாடையோ வந்தால், மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுக் காலை வரை இருட்டில் இருங்கள். ஈரச் சுவர் வீடுகளில் இது அபூர்வம் இல்லை.

மற்றது மலை.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலையகத்தின் எத்தனையோ இடங்களில் மண் இறங்கியது. இங்கே வாடகைக்கு வருகிற யாரும் வீட்டுச் சொந்தக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது தண்ணீர் வசதி அல்ல, வீட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்பதுதான்.

மழையின் இரைச்சலுக்குள் வேறு சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். கல்லும் கல்லும் முட்டுகிற சத்தம். காற்றே இல்லாமல் மரம் முறிகிற சத்தம். தூரத்தில் லொறி ஏற்றம் ஏறுகிற மாதிரி, குறையாமல் கூடிக்கொண்டே வரும் உறுமல். சுவர் 'பளார்' என்று வெடிப்பது. இன்னொன்று, சத்தமே இல்லாமல் போவது: மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து ஓடையின் இரைச்சல் சட்டென்று குறைந்தால், மேலே எங்கோ மண் விழுந்து தண்ணீரை மறித்திருக்கலாம். அந்த அணை உடைந்து வரும். இதனால்தான் மழை ராத்திரியில் காற்றாடி போடாதீர்கள் என்றேன்.

பகலில் பார்க்க வேண்டியவை: சுவரிலும் முற்றத்திலும் புது வெடிப்பு, நேற்று வரை மூடிய கதவு இன்று இறுகுவது (மழை ஈரத்தாலும் இறுகும் என்று முன்னே சொன்னேன், ஆனால் பக்கத்தில் வெடிப்பும் இருந்தால் அது மரத்தின் வேலை இல்லை), சவுக்கும் மின்கம்பமும் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நிற்பது, இல்லாத இடத்தில் புது ஊற்று வருவது.

மழையை அளக்க நேரான பக்கமுள்ள ஒரு டின்னை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பாக இருங்கள், 100 தாண்டினால் புறப்படத் தயாராகுங்கள், 150 தாண்டினால் வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளை வானொலியில் கேளுங்கள். ஆபத்து என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். யாருக்காவது காயம் என்றால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். ஆனால் அழைத்துவிட்டு வீட்டுக்குள் காத்திருக்க வேண்டாம். ஓடை வழியாகவோ பள்ளத்தை நோக்கியோ ஓடாமல், சரிவுக்குக் குறுக்கே பக்கவாட்டில் விலகிப் போங்கள்.

அந்தப் பாதையைப் பகலில் ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள், எத்தனை படி, எங்கே கான் (வடிகால்) என்று கால் அறியட்டும். அடையாள அட்டை, மருந்து, கொஞ்சம் காசு, போன் சார்ஜர், எல்லாம் ஒரு பையில் போட்டு வாசலில் மாட்டுங்கள். டோர்ச் அதற்குப் பக்கத்தில். மழை ராத்திரியில் கதவைப் பூட்டினால் சாவியைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைக்க வேண்டாம், பூட்டிலேயே விடுங்கள்.